மழைக்கு மட்டும் ஒரு சைக்கிள்

அன்று மாட்டுங்காவில், மூன்றாவது மாடியில் இருந்த அந்த வீட்டு ஹாலில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். சைக்கிளை விற்கலாமா வேண்டாமா என்று இருந்த வீட்டம்மா. எதையாவது ஒன்றை இன்றே விற்றுவிட வேண்டும் என்று இருந்த அவருடைய கணவர். என் மனைவி. என் மனைவியின் தம்பி. பிறகு நான். வேறு யாரும் இல்லை. சுவரில் சாய்ந்து நின்ற இரண்டு சைக்கிள்களையும் நான் ஆட்களாகத்தான் நினைத்தேன். ஆனால் எண்ணிக்கையில் சேர்த்தால் சிரிப்பீர்கள்.

ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. இரண்டும் ரோடு சைக்கிள்; ஆட்டுக்கிடாவின் கொம்பு மாதிரி முன்னால் வளைந்து கீழே இறங்கும் ஹேண்டில். மே மாதக் கடைசி வாரம். கேரளாவுக்கு மழை வந்துவிட்டது என்று டி.வி.யில் சொன்ன நாளிலிருந்து நான் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மும்பைக்கு வர இன்னும் பத்து நாள் ஆகலாம், பன்னிரண்டு நாள் ஆகலாம். அதற்குள் மழைக்கென்று இரண்டாவதாக ஒரு சைக்கிள் வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் வேலை போகும்.

அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

நான் தோல் வெட்டுகிறவன். பையும் பெல்ட்டும் பர்ஸும் செய்கிற பட்டறையில் கட்டிங் மாஸ்டர். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்து கத்தியைப் பிடித்தேன், முப்பத்து மூன்று வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பட்டறை தாராவியில் எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி இருந்தது. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் முதலாளி கடையை மட்டும் தாராவியில் வைத்துக்கொண்டு, பட்டறையைச் செம்பூரைத் தாண்டி, டிராம்பே போகிற ரோட்டோரம் ஒரு தகர ஷெட்டுக்கு மாற்றினார். எங்கள் வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. நடுவில் எட்டு கிலோமீட்டர்.

எட்டு கிலோமீட்டர் ஒரு தூரமா, டிரெயின் இல்லையா, பஸ் இல்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். என்னால் கூட்டமான டிரெயினில் ஏற முடியாது. ஒரு தடவை குர்லாவில் இறங்க வேண்டியவன் இறங்க முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டேன். யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. என் நெஞ்சுக்கு முன்னால் ஒருவர் முதுகு, என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நெஞ்சு, அவ்வளவுதான். ஆனால் உள்ளே போன மூச்சு வெளியே வரும் வழியை மறந்துவிட்டது. தாணேயில் இறங்கி, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஏறவில்லை. மழைக்காலத்தில் ஜன்னலையெல்லாம் மூடிவிட்டால் பஸ்ஸும் எனக்கு டிரெயின்தான்.

அப்படித்தான் முதல் சைக்கிள் வந்தது. பழைய சாமான் பிரிக்கிற சந்தில் சக்கரம் இல்லாமல் கிடந்த ஒரு ரோடு சைக்கிள். வெள்ளை நிறம், தூக்கினால் கையில் எடையே தெரியாது. சக்கரம் வாங்கி மாட்டினேன். எங்கள் வீடு மேல்மாடி அறை. ஏறுவதற்கு இரும்பு ஏணி, ஏறக்குறைய செங்குத்தாக. சைக்கிளைக் கீழே சந்தில் விட்டால் காலையில் இருக்காது, மழை நாளில் இருந்தாலும் தண்ணீருக்குள் இருக்கும். அதனால் தினமும் நான் கீழிருந்து தூக்கிக் கொடுப்பேன், என் மனைவி மேலே நின்று ஹேண்டிலைப் பிடித்து இழுத்துக்கொள்வாள். சாதாரண சைக்கிள் இருபது கிலோ. இது ஒன்பது. நாங்கள் ரோடு சைக்கிள்காரர்கள் ஆனது வேகத்துக்காக இல்லை, ஏணிக்காக.

எட்டு மாதம் அந்த வெள்ளை சைக்கிள் என்னைச் சுமந்தது. விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினால் சயான் வரைக்கும் ரோடு தூங்கி எழுந்த முகத்தோடு இருக்கும். மெல்லிய டயர் ரோட்டில் உரசுகிற சத்தம், பட்டுத்துணியை யாரோ பக்கத்து அறையில் மடிப்பது போல. அந்த நேரத்தில் மட்டும் எனக்கு எதைப் பற்றியும் பயம் இருக்காது. பிறகு ஜூன் வந்தது. ரப்பர் கட்டை வந்து ரிம்மைப் பிடிக்கிற பிரேக் அது. காய்ந்த ரோட்டில் சொன்ன பேச்சைக் கேட்கும். நனைந்தால், பிரேக்கைப் பிடித்த பிறகும் சைக்கிள் யோசித்துக்கொண்டே போகும். ஜூலையில் சயான் சிக்னலில் அப்படி யோசித்துக்கொண்டே போய், பால் பாக்கெட் கூடையோடு ரோட்டைக் கடந்த ஒரு பெரியவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அங்கேயே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

அந்த மழை முடியும்வரை நடந்தே போனேன். கூரை ஒழுகி இரவெல்லாம் வீட்டுக்குள் நிறைந்த தண்ணீரை இறைத்துவிட்டுக் கிளம்ப எட்டரை ஆகிவிடும். ஒன்றரை மணி நேரம், சில நாள் இரண்டு. ஒன்பது மணி வேலைக்குப் பத்தேகால், பத்தரை. நான் தாமதமானால் நான் மட்டும் தாமதமில்லை. நான் வெட்டிக் கொடுத்தால்தான் எட்டு மிஷின்காரர்களும் தைக்க முடியும். எட்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, கதவருகே சொட்டச் சொட்ட நிற்கிற என்னைப் பார்ப்பார்கள்.

இந்த வருடம் ஏப்ரலில் முதலாளி கூப்பிட்டார். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான், மரியாதையாகப் பேசுவார்.

"மாஸ்டர், ஒங்க கைமேல எனக்குக் கொறை கெடையாது. ஆனா இந்த மழைக்கும் பத்தரைக்குத்தான் வருவியன்னா, நான் வெட்டுற மிஷின எறக்கிருவேன். அது டிரெயினுக்குப் பயப்படாது பாத்தியளா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை.

மாட்டுங்கா அம்மாவை எப்படித் தெரியும் என்றால், கைப்பையின் பிடி அறுந்துபோய் ஒரு நாள் முதலாளியின் கடைக்கு வந்திருந்தார். சைக்கிளில், தலையில் ஹெல்மெட்டோடு. ஐம்பத்தைந்து வயது இருக்கும், பேங்க் வேலையை முன்கூட்டியே விட்டவர். பட்டறைச் சரக்கைக் கொடுக்க அங்கே போயிருந்த நான், பையைப் பார்க்காமல் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஆத்துல இன்னும் ரெண்டு இருக்கு, வந்து பாருங்கோ. ஒண்ணைக் கொடுத்துடலாம்னு இவர் சொல்லிண்டிருக்கார்" என்று நம்பர் கொடுத்தார்.

அப்படித்தான் அந்த ஹாலுக்கு வந்து சேர்ந்தோம்.

"உக்காருங்கோ. காபி சாப்பிடறேளா?" என்றார் அம்மா.

"காபி அப்பறம் ஆகட்டும். முதல்ல சைக்கிளைப் பாக்கட்டும்" என்றார் அவர் கணவர். "மழை வரதுக்குள்ள இந்த ஹால்ல கொடி கட்டியாகணும். நாலு மாசம் துணி எங்க காயறது? போன வருஷம் என் வேஷ்டி இந்தப் பச்சை சைக்கிள் ஹேண்டில்லதான் காஞ்சுது."

"காஞ்சுதா இல்லையா, அதைச் சொல்லுங்கோ."

"கிரீஸோட காஞ்சுது."

என் மைத்துனன் இதற்குள் தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டான். முப்பத்திரண்டு வயது. செல்போன் கவர் விற்கிற கடை வைத்திருக்கிறான். நாள் முழுக்கப் போனில் வீடியோ பார்ப்பதால் அவனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

"மச்சான், யோசிக்கவே வேண்டாம். கறுப்பு. டிஸ்க் பிரேக்கப் பாருங்க, ரிம் நனஞ்சா அதுக்கு என்ன வந்துச்சு? டயர் அகலத்தப் பாருங்க. முன்னால பின்னால ரெண்டு மட்கார்டும் இருக்கு. இது மழைக்குன்னே பொறந்த சாமான். பச்ச சும்மா ஷோ பீஸு."

என் மனைவி எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பச்சை சைக்கிளின் நடுக்கம்பியைப் பிடித்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கினாள். மூன்று எண்ணும் நேரம் அப்படியே நின்றாள். கீழே வைத்தாள். பிறகு கறுப்பு.

வீட்டம்மா பதறிவிட்டார். "ஐயையோ, நீங்க என்னத்துக்குத் தூக்கறேள்? அவரை ஓட்டிப் பாக்கச் சொல்லுங்கோ!"

"ஓட்டுறதுதான் அவுக. தூக்குறது நானு."

"தூக்கறதா? எங்க?"

"ஏணில. தெனமும்." என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "பச்ச லேசு. கறுப்ப எடுத்தியன்னா என் தோள்பட்ட எறங்கிரும்."

"பச்சையை எடுத்துக்கோங்கோ" என்றார் கணவர் உடனே. "கறுப்பை எடுத்துண்டாலும் சந்தோஷம். ரெண்டையும் எடுத்துண்டேள்னா கீழ வரைக்கும் நானே தூக்கிண்டு வரேன்."

என் கை பச்சை சைக்கிளின் சீட்டின்மேல் இருந்தது.

எப்போது வைத்தேன் என்று தெரியாது. தேன் நிறத் தோல் சீட். கறுப்பு சைக்கிளில் இருந்தது ரெக்ஸின், அதைத் தொடவே இல்லை. இது மாட்டின் பின்பாகத்தில் எடுத்த தோல், ஐந்து மில்லிமீட்டர் கனம், மரப்பட்டைச் சாற்றில் மாதக்கணக்கில் ஊறியது. ஓரத்தில் செம்பு ஆணிகள். விரல் நகத்தால் அழுத்தினால் ஒரு கோடு விழுந்து, மெதுவாக மறைந்தது. எங்கள் பட்டறைக்கு வருகிற தோலெல்லாம் இப்போது இயந்திரத்தில் அவசரமாகப் பதனிட்டது, ஒரே மாதிரி, முகமில்லாதது. இப்படி ஒரு தோல் என் கைக்கு வந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. குனிந்து முகர்ந்தேன். அந்த ஹாலின் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியில் போவது போல ஒதுங்கியது. நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்து, மழைக்குள், ஆளில்லாத ஒரு ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். மழை என்மேல் படவில்லை. ரோடு முழுக்க விளக்குகள் தலைகீழாக எரிந்துகொண்டிருந்தன. சக்கரம் அவற்றை அணைக்காமல் தாண்டிப் போனது.

"அந்த சீட் எனக்குப் பதினோரு வருஷப் பழக்கம்" என்று அம்மாவின் குரல் எங்கிருந்தோ வந்தது. "ஆனா உண்மையைச் சொல்லிடறேன். மழைக்குன்னு கேட்டா அதைக் கொடுக்கப்படாது. நான் ஒரு நாள்கூட அதை மழையில எடுத்தது கிடையாது. தோல் நனைஞ்சுதுன்னா…"

"அம்மா, தோலப் பத்தி எனக்கே சொல்லுதியளா?"

என் மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டான்.

கறுப்பு முப்பத்திரண்டாயிரம், பச்சை இருபத்திரண்டாயிரம் என்றார்கள். இருபத்திரண்டை எண்ணிக் கொடுத்து, பச்சையை வாங்கிக்கொண்டு வந்தேன். விலை குறைவு என்று வீட்டில் சொன்னேன். எடை குறைவு என்று மனைவி சொன்னாள். இரண்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சைக்கிளில் இருந்தது வெள்ளை சைக்கிளில் இருந்த அதே ரப்பர் கட்டைப் பிரேக்தான். மட்கார்டு கிடையாது. மழைக்காக எதெல்லாம் தேடி வந்தேனோ அதில் ஒன்றுகூட அதில் இல்லை. சீட் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழு ரோட்டையும் நடந்து பார்த்தேன். பயந்தவன் செய்கிற வேலை இது. மழையில் ரோடு தெரியாது, தண்ணீர்தான் தெரியும். தண்ணீருக்கு அடியில் எங்கே சாக்கடைக் குழி மூடியில்லாமல் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் காய்ந்திருக்கும்போதே ஒரு நோட்டும் பென்சிலுமாகப் போனேன். நான் எழுதுவதைவிட வரைவேன். ஒரு தோல் வந்தால் முதலில் அதை விரித்து, எங்கே முள் கிழித்திருக்கிறது, எங்கே உண்ணி கடித்த துளை, எங்கே சூடு போட்ட தழும்பு என்று பார்த்து, சாக்கட்டியால் வட்டம் போடுவேன். பிறகு வட்டங்களை விட்டுவிட்டு வெட்டுவேன். அதே மாதிரி சயானிலிருந்து சூனாபட்டி வழியாகச் செம்பூர் வரை ரோட்டை ஒரு நீளத் தோலாக வரைந்து வட்டம் போட்டேன். வாட்ச்மேன் ஒருவர் என்னைச் சர்வே எடுக்க வந்த ஆள் என்று நினைத்து, "சாப், எங்க பக்கமும் ஒரு மூடி போடச் சொல்லுங்க" என்று இந்தியில் கெஞ்சினார். எழுதிக்கொள்கிறேன் என்றேன். எழுதியும் கொண்டேன்.

ஜூன் இரண்டாம் வாரம் ஒரு காலை, தகரக் கூரைமேல் அரிசியைக் கொட்டியது போல ஆரம்பித்தது. நெகிழி மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு, பச்சையை இறக்கி, கிளம்பினேன்.

அந்த முதல் அரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். ஊரே நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. பஸ்கள் கப்பல் போல வந்து, அலையை ஒதுக்கிவிட்டுப் போயின. சயானில் கணுக்கால் தண்ணீர். நான் என் வட்டங்களை நினைத்துக்கொண்டு, இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் ஒன்று என்று கண்ணுக்குத் தெரியாதவற்றைச் சுற்றிச் சுற்றிப் போனேன். யாராவது பார்த்திருந்தால் தூக்கத்தில் ஓட்டுகிறான் என்று நினைத்திருப்பார்கள். ஹாலில் கண்ட கனவின் உள்ளேதான் போய்க்கொண்டிருந்தேன். மழை என்மேல் பட்டது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

சூனாபட்டி தாண்டும்போது நான் குள்ளமாகிவிட்டதாகத் தோன்றியது. பெடலை மிதிக்கும்போது முழங்கால் முன்னைவிட மேலே வந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கையை விட்டுத் தடவினேன். சீட் தொய்ந்து, நடுவில் குழி விழுந்து, வெதுவெதுப்பாக, உயிருள்ள ஏதோ போல இருந்தது. அதே நேரம் முன்னால் ஒரு டெம்போ நின்றது. பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் யோசித்துக்கொண்டே போனது. கால் இரண்டையும் ரோட்டில் ஊன்றி, செருப்பு தேயத் தேய நின்றேன். டெம்போவின் பின்பலகைக்கும் என் முகத்துக்கும் நடுவில் இரண்டு விரல்.

மீதி தூரம் தள்ளிக்கொண்டே போனேன். ஒன்பது நாற்பது.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு விரலைக் காட்டினார். தாமதக் கணக்கில் ஒன்று என்று அர்த்தம். அவர் அலுவலக அறைக்குள் போனதும் மிஷின்காரர்கள் எட்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மூத்த மிஷின்காரர் எழுந்து வந்து, என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"மாஸ்டர், வார வழில யாரும் பான் துப்புன எடத்துல உக்காந்துட்டியளா?"

திரும்பிப் பார்த்துக்கொள்ள முடியாத இடம். ஒருவன் போனில் போட்டோ எடுத்துக் காட்டினான். என் வெளிர்நிறக் கால்சட்டையின் பின்பக்கம், சீட்டின் உருவம் அப்படியே, காட்டமான டீ நிறத்தில் அச்சாகியிருந்தது. செம்பு ஆணிகளின் வரிசைகூடத் தெரிந்தது.

மூத்தவர் இளம் வயதில் தோல் பதனிடுகிற ஷாப்பில், ஈரத் தொட்டிகளில் வேலை பார்த்தவர். வெளியே போய் சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"மேல எவ்வளவு பேஞ்சாலும் தாங்கும், மாஸ்டர். இது அடிப்பக்கம் குடிச்சிருக்கு. பச்சத் தோலு மாதிரி கெடக்கு. மட்கார்டு இல்லாம சக்கரம் கீழருந்து அடிச்சுக்கிட்டே வந்திருக்குல்லா? நனஞ்ச தோலுல ஏறி ஒக்காந்தா அது நீளத்தான செய்யும்? இதுகூடத் தெரியாதா ஒங்களுக்கு?"

தெரியாது. அதுதான் உண்மை. ஒரு தோலின் வாழ்க்கையில் ஈரம் சம்பந்தப்பட்டதெல்லாம் என் மேசைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். ஊறப்போடுகிறவர் ஒருவர், மயிர் எடுக்கிறவர் ஒருவர், எண்ணெய் ஏற்றுகிறவர் ஒருவர். அவர்கள் தொட்டிக்கும் என் மேசைக்கும் நடுவில் எத்தனையோ மைல். எனக்கு வருவது காய்ந்து, இஸ்திரி போட்ட தோல். முப்பத்து மூன்று வருடத்தில் நான் ஒரு நனைந்த தோலைக் கையில் வாங்கியதில்லை. சைக்கிளை விற்ற பேங்க்கார அம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அன்று நான் வெட்டிய முதல் நாலு துண்டும் கோணல்.

அடுத்த நாள் சனிக்கிழமையும் மழை. நடந்து போனேன். பத்து ஐந்து. முதலாளி இரண்டு விரலைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பச்சையை உருட்டிக்கொண்டு மாட்டுங்கா போனேன். மூன்று மாடி தோளில் தூக்கி ஏறினேன். கதவைத் திறந்த கணவர் என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தார்.

"கூடாது" என்றார். "போனது போனதுதான். திரும்பி வரப்படாது."

ஹால் முழுக்கக் கொடி கட்டியிருந்தது. புடவைகளும் வேட்டிகளும் சட்டைகளும் தொங்கி, ஃபேன் காற்றில் ஒரே பக்கமாக அசைந்துகொண்டிருந்தன. ஈரமும் சோப்பும் கலந்த வாசனை. துணிகளுக்கு நடுவே, ஒரு நீலப் புடவை தோளில் பட்டும் படாமலும் ஆட, கறுப்பு சைக்கிள் நின்றது. காட்டுக்குள் குளத்தோரம் நிற்கிற எருமை போல அமைதியாக. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது என்பதைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. விற்றிருப்பார்கள் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்திருந்தேன்.

அம்மா துணிகளை விலக்கிக்கொண்டு வந்தார். தொய்ந்துபோன சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"நான் சொன்னேன்."

"சொன்னிய, அம்மா. நான்தான் கேக்கல."

"ஏன் கேக்கலை?"

"தோலப் பாத்ததும் மத்ததெல்லாம் மறந்துபோச்சு."

அவர் சட்டென்று சிரித்துவிட்டார். "நானும் பதினோரு வருஷம் முன்னாடி அதைப் பாத்துதான் வாங்கினேன். ஓட்டிக்கூடப் பாக்கலை." பிறகு கணவரிடம், "ஏன்னா, பச்சையை நான் திருப்பி எடுத்துக்கறேன். அது போனதுலேர்ந்து எனக்கு ஆத்துல ஏதோ ஒரு மூலை காலியா இருக்கற மாதிரியே இருக்கு."

"எந்த மூலை? காமி. அங்க நான் என் பனியனைக் காயப்போடறேன்."

"கறுப்பை இவர் எடுத்துண்டு போறார். கணக்கு சரியாப் போயிடும்."

"ஒண்ணு போனா ஒண்ணு வரது! இது வீடா, சைக்கிள் ஸ்டாண்டா?"

அவர் உள்ளே போய்விட்டார். ஆனால் போகும்போது, கறுப்பு சைக்கிளின் மேல் கிடந்த நீலப் புடவையின் நுனியை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுப் போனார். எனக்கு வழி விட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

கணக்கு இப்படி ஆயிற்று. நான் கொடுத்தது இருபத்திரண்டாயிரம். இந்த மாதிரி சீட் புதிதாக வாங்க ஒன்பதாயிரம் ஆகும் என்றார், ஆனால் ஐயாயிரம்தான் குறைத்தார். மீதி பதினேழு. கறுப்புக்கு முப்பத்திரண்டு. நான் இன்னும் பதினைந்தாயிரம் தர வேண்டும். சட்டைப்பையில் மூவாயிரம் இருந்தது.

"மீதி என்ன பண்ணுவேள்?"

"மாசம் ஆயிரத்தைந்நூறு தாறேன். எழுதித் தரணும்னாலும் தாறேன்."

"எழுத வேண்டாம். ஒண்ணாம் தேதி கொண்டு வாங்கோ. வரச்சே சைக்கிள்லயே வாங்கோ, எப்படி வெச்சிருக்கேள்னு பாக்கறேன்."

அன்று ஏணியில் கறுப்பு மேலே போகும்போது என் மனைவி பல்லைக் கடித்து இழுத்தாள். உள்ளே கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிவிட்டு, தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு நான் எடையப் பாத்தேன். நீங்க தோலப் பாத்திய. என் தம்பி ஒருத்தன்தான் சைக்கிளப் பாத்திருக்கான். அவன்கிட்ட மட்டும் இதச் சொல்லிராதிய, தல கனத்துப் போயிருவான்." அவன் மறுநாள் தானாகவே வந்து, எதுவும் கேட்காமல், உத்தரத்தில் ஒரு கப்பியும் கயிறும் கட்டிக் கொடுத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போனான்.

கறுப்பு சைக்கிளில் அழகு என்று ஒன்றும் கிடையாது. ஆனால் மழையில் பிரேக்கைத் தொட்டால், பெருமூச்சு விடுவது போல ஒரு சின்ன ஓசை. பிறகு நின்றுவிடும். முதல் நாள் அதைச் சும்மாவே ஏழெட்டு தடவை நிறுத்திப் பார்த்தேன். ரெக்ஸின் சீட் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. மட்கார்டின் அடியில் தண்ணீர் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தது. ஜூன் முடியும்வரை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே பட்டறை வாசலில் இருந்தேன். முதலாளி மூன்றாவது விரலைக் காட்டவில்லை.

ஜூலையில் ஒரு நாள், ஆறரைக்கே கிளம்பிவிட்டேன்; விடிந்தும் விடியாமலே இருந்தது. மழை பெய்கிறது என்று சொல்ல முடியாது, மழைதான் இருந்தது, அதற்கு நடுவில் இடைவெளி இல்லை. சயான் ஸ்டேஷன் அருகே தண்டவாளம் தண்ணீருக்குள் போய்விட்டது, டிரெயின் ஓடவில்லை. பஸ்கள் நின்ற இடத்திலேயே நின்றன, உள்ளே விளக்கு எரிய, மூடிய ஜன்னல்களுக்குப் பின்னால் முகங்கள் மீன்தொட்டியில் போல. நான் ஓட்ட முடிந்த இடத்தில் ஓட்டினேன், முழங்கால் ஆழத்தில் இறங்கித் தள்ளினேன். மேம்பாலத்தின் உச்சியில் நான் ஒருவன்தான். கீழே ஊர் முழுக்க ஒரே சாம்பல் நிறத் தண்ணீர், அதில் வீடுகள் மெதுவாக எங்கோ மிதந்து போவது போல இருந்தது. பயப்பட வேண்டும் என்று நினைவு வந்தது. கொஞ்சம் கழித்துப் பயப்படலாம் என்று இறங்கினேன். இறக்கத்தில் பிரேக் பிடித்தது. பிடித்துக்கொண்டே வந்தது.

எட்டு ஐம்பதுக்குப் பட்டறை. வாட்ச்மேன் ஷட்டரைத் தூக்கினார். எட்டு மிஷினும் துணி போர்த்தியபடி இருந்தன. ஒருவரும் வரவில்லை. விளக்கைப் போட்டு, கையைத் துடைத்து, ஒரு தோலை விரித்தேன். தகரக் கூரையின் சத்தத்துக்குள் கத்தி போகிற சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை, கைக்கு மட்டும் தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. போன் அடித்தது. முதலாளி.

"மாஸ்டரா? எங்கே இருக்கிய?"

"பட்டறைல."

"பட்டறைலயா! எப்படி வந்திய?"

"சைக்கிள்ல."

போனில் அவர் பக்கத்து மழையும் கேட்டது.

"மிஷின்காரன் எவனாச்சும் வந்திருக்கானா?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப யாருக்கு வெட்டிக்கிட்டிருக்கிய?"

"நாளைக்கு வருவாங்கள்லா. அவங்களுக்கு."

அவர் "டீ வாங்கிக் குடிங்க. என் பேர்ல எழுதச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு வெட்டுகிற மிஷின் பேச்சை அவர் எடுக்கவில்லை. அடுத்த வருடம் எடுப்பார் என்று எனக்கு ஒரு பயம் இருக்கத்தான் செய்கிறது.

இப்போது அக்டோபர். மழை நின்றுவிட்டது. வெள்ளை சைக்கிள் வெளியே போய் வருகிறது, கறுப்பு கப்பியில் தொங்குகிறது. ஒன்றாம் தேதி மட்டும் அதை இறக்கி, துடைத்து, மாட்டுங்காவுக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன். அம்மா கீழே இறங்கி வந்து, செயினை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார். ஆகஸ்டில் மட்டும் கொடுக்க முடியவில்லை, வீட்டுக்கூரைக்குத் தார்ப்பாய் வாங்க வேண்டியதாகிவிட்டது. அவர் கேட்கவில்லை, நானாகத்தான் போய்ச் சொன்னேன். ஜூலை, செப்டம்பர், இந்த மாதம் என்று மூன்று தவணை கொடுத்தது போக, இன்னும் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.